ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

வியாழக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நூலகத்தின் பின் அறையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலைப் போடுவேன். கம்ப்யூட்டரெல்லாம் பிறகுதான். ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர் கைக்கு வராமல் அந்த அறையில் யாரும் பாஸ்வேர்ட் பற்றிக் கதைக்க மாட்டார்கள். சோமாலியர்கள் அதை ஷாஹ் என்பார்கள். சீனி விஷயத்தில் யாழ்ப்பாணத்தாரையும் தோற்கடிப்பவர்கள் அவர்கள்.

வடமேற்கு லண்டனில் எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சனமும் சோமாலியச் சனமும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே கடையில் வெண்டிக்காய் பொறுக்கி, ஒரே ஜி.பி. சர்ஜரியின், அதாவது குடும்ப வைத்தியரின் கிளினிக்கின், வாசலில் காத்து நிற்பவர்கள். அப்படி ஒரு சர்ஜரியில் பதினொரு வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், நூலகத்தில் கம்ப்யூட்டர் உதவிக்கு ஆள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். சோமாலியப் பெண்கள் குழு ஒன்று அந்த அறையை வியாழன்களில் எடுத்திருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட உதவி ஒன்றே ஒன்று: என்.எச்.எஸ். ஆப், அதாவது இங்கத்தைய அரச சுகாதார சேவையைப் போனில் பெறுவதற்கான செயலி.

பல்கலைக்கழகம் போகும் ஒரு சோமாலியப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. முதல் நாளே என்னை 'ஹபர்யர்' என்று கூப்பிட்டாள். தாயின் சகோதரி என்று பொருளாம். 'யர்' என்றால் சிறிய என்று அவள் பிரித்துச் சொன்னபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை, சின்னம்மாதான். தகப்பனின் சகோதரன் அதேர், தாயின் சகோதரன் அப்தி. ஆங்கிலத்தில் எல்லாரையும் அங்கிள் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்களே, சோமாலியர்களிடம் அந்தக் கதை இல்லை.

அந்த முதல் நாள் வரிசையாக மூன்று பேரிடம் பிறந்த திகதி கேட்டேன். மூவருமே ஜனவரி ஒன்று என்றார்கள். கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து நாலாமவரிடம் விரல் விட்டு, நாள், மாதம், வருடம் என்று மெதுவாகக் கேட்டேன். அவரும் ஜனவரி ஒன்று. பிள்ளை சிரித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நாட்டுப்புறத்தில், அதுவும் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த குடும்பங்களில், பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. 'கூ' மழையில் பிறந்தவள், பெரிய வறட்சிக்கு முதல் வருடம் பிறந்தவள் என்றுதான் கணக்கு. 1991இல் அரசு விழுந்து சனம் அகதியாக வெளிக்கிட்டபோது, ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு அதிகாரி திகதிப் பெட்டியை நிரப்ப வேண்டியிருந்தது. வருடத்தை உத்தேசமாகக் கேட்டு, நாளுக்கும் மாதத்துக்கும் ஒன்று, ஒன்று என்று போட்டுவிட்டார்கள். என் அம்மம்மாவுக்கும் தன் நட்சத்திரம்தான் தெரியும். அடையாள அட்டையில் இருந்த திகதி பள்ளிக்கூட வாத்தியார் போட்டது. அதனால் எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. ஆனால் அந்தத் திகதி கம்ப்யூட்டருக்குள் போனதும் என்ன செய்யும் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

பெயரும் பிறந்த திகதியும் சேர்ந்துதான் கம்ப்யூட்டருக்கு ஒரு மனிதர். சோமாலியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். கல்யாணம் செய்தாலும் பெண்ணின் பெயர் மாறாது. பெயர்களோ திரும்பத் திரும்ப வருபவை: ஃபாதுமோ, ஹவா, ஆமினா, மொஹமட், அலி, ஹஸன். ஒரே சர்ஜரியில் ஒரே பெயரும் ஒரே ஜனவரி ஒன்றும் உள்ள இரண்டு பெண்கள் இருப்பது அபூர்வமான விஷயம் அல்ல. நான் ரிசப்ஷனில் இருந்தபோதே ஒருவருடைய இரத்தப் பரிசோதனைக் கடிதம் மற்றவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அன்று அதைக் கவனக்குறைவு என்று மட்டும் நினைத்தோம்.

எழுத்துக்கூட்டலின் கதை இன்னும் பெரியது. சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வமாக ரோம எழுத்து வந்தது 1972இல்தான். அதில் எக்ஸ் எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஒலி, சி எழுத்துக்கு அரபு 'ஐன்' ஒலி. ஆகவே ஹஸன் என்ற பெயர் சோமாலி முறையில் எக்ஸில் தொடங்கும், அலி என்ற பெயர் சியில் தொடங்கும். ஆங்கிலேயருக்காக எழுதும்போது ஒன்று எச்சிலும் மற்றது ஏயிலும் தொடங்கும். ஒரு அம்மா மேசையில் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்: பாஸ்போர்ட், ஆஸ்பத்திரிக் கடிதம், பார்மசிப் பை. மூன்றிலும் அவர் பெயர் மூன்று விதமாக இருந்தது. ஆப்பில் முகத்தைக் காட்டி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து, எல்லாம் சரியாகச் செய்தும் "உங்கள் விபரங்கள் பொருந்தவில்லை" என்றே வந்தது. மூன்று தடவை செய்தோம். நாலாவது தடவை அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கே நான் யார் என்று தெரியவில்லை என்கிறது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நாளிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். போனைத் தொடும் முன், இருக்கிற தாள்களையெல்லாம் மேசையில் பரப்பி, எதில் என்ன பெயர் என்று பார்ப்பது. பாஸ்போர்ட்டும் சர்ஜரிப் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் ஆப்பை அன்று திறப்பதே இல்லை. பாஸ்போர்ட்டைக் கொண்டு சர்ஜரிக்குப் போய்ப் பதிவைத் திருத்தச் சொல்லி அனுப்புவோம். ஆப்பில் எத்தனை முறை முயன்றாலும் அந்தத் தவறு தீராது. இரண்டாவது, பத்து இலக்க என்.எச்.எஸ். எண். பழைய ஆஸ்பத்திரிக் கடிதங்களில் இருக்கும். அதை ஒரு சின்ன மட்டையில் எழுதி, போன் உறைக்குள் பஸ் கார்டுக்குப் பின்னால் செருகிவிடுவோம். பெயரும் பிறந்த திகதியும் ஒரே மாதிரி உள்ளவர்களைப் பிரித்துக் காட்ட அந்தப் பத்து இலக்கத்தைப் போல் வேறு எதுவும் இல்லை.

சிலரிடம் காட்டுவதற்குப் படம் போட்ட அட்டையே இருக்காது. வதிவிட உரிமைக்கு வைத்திருந்த பயோமெட்ரிக் அட்டைகள் எல்லாம் 2024 டிசம்பரோடு காலாவதியாகி, அதுவும் இணையத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, ஆனால் வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. சர்ஜரியில் ஆன்லைன் பதிவுக்கான தாள் என்று ஒன்று அச்செடுத்துத் தருவார்கள். அதில் மூன்று குறியீடுகள் இருக்கும், படம் போட்ட அட்டைக்குப் பதிலாக அவற்றை ஆப்பில் போடலாம். அவற்றில் ஒன்றின் பெயர் லிங்கேஜ் கீ. "ஆப் வேலை செய்யவில்லை" என்று கவுன்டரில் நின்றால் ரிசப்ஷனில் இருப்பவர் கையை விரிப்பார். "லிங்கேஜ் கீ உள்ள தாள் வேண்டும்" என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார். பதினொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தவள் சொல்கிறேன், கவுன்டரில் சரியான சொல் வாயில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கதிரையில் இருந்து நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஆட்களை, வீட்டு முகவரிக்கு ஆதாரம் இல்லை என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ விசாவோ கட்டாயம் இல்லை. எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் தேடிப் படிக்கவில்லை. இப்போது அந்த விதியை அச்செடுத்த ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாதாட வேண்டாம், தாளைக் காட்டுங்கள், போதும்.

சரி, ஆப்புக்கு வருவோம். பலருடைய போனில் அது முன்பே இருந்தது. 2021இல் கோவிட் பாஸ் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்றிருந்த நாட்களில் மகனோ மகளோ இறக்கிக் கொடுத்தது. அதன் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. திறக்கப் போனால் அது கேட்பது மகனுடைய ஈமெயில். மகன் லெஸ்டரிலோ பர்மிங்ஹாமிலோ வேலையில் இருப்பான். பாதுகாப்புக் குறியீடு அவன் போனுக்குப் போகும். இங்கே அம்மாவும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

இந்த இடத்தில்தான் நான் பெரிய தவறு ஒன்று செய்தேன். தொடங்கி இரண்டாவது மாதம். ஒரு பெண்ணுக்கு ஈமெயில் இல்லை. அறையில் கூட்டம், பன்னிரண்டரைக்கு அறையைப் பூட்ட வேண்டும். கூட வந்திருந்த மருமகள் தன் ஈமெயிலைப் போடச் சொன்னாள். போட்டேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பெண்களுக்கான கிளினிக்கிலிருந்து வந்த அறிவித்தல் மருமகளுக்குப் போனது. எந்தக் கிளினிக், எதற்காக என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண் அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் பக்கம் வரவில்லை. மொழிபெயர்க்கும் பிள்ளையிடம் கேட்டுத்தான் நடந்தது தெரிந்தது. போனில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். ஆனால் திரும்பி வந்தபோது எனக்குப் பக்கத்தில் உட்காராமல் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

இப்போது எதையும் தொடங்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறோம். இந்தப் போனை வீட்டில் வேறு யார் எடுத்துப் பார்ப்பார்கள்? இந்த ஈமெயில் யாருடையது? கூட வந்தவர் இருக்கும்போது கேட்பதில்லை. அவரைத் தேநீர் ஊற்ற அனுப்பிவிட்டுக் கேட்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனி ஈமெயில், அதற்கு இரக்கமே கிடையாது. ஆப்பும் ஒரு ஈமெயிலுக்கு ஒரு ஆளைத்தான் ஏற்கும். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அறிவித்தலை அடக்கி வைக்கிறோம். பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். எழுபது வயது அம்மா கொப்பியை அரிசி டின்னுக்குள் வைத்தால் அதைத் திருட இணையத்தில் இருந்து யாரும் வரப்போவதில்லை.

மகனோ மகளோதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று சிலர் உண்மையிலேயே விரும்புவார்கள். அதற்கு முறையான வழி இருக்கிறது. அம்மா சம்மதம் கொடுத்தால், சர்ஜரி பிள்ளைக்குத் தன் சொந்தக் கணக்கிலிருந்தே அம்மாவின் பக்கத்தைத் திறக்கும் அனுமதியைத் தரும். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பிரித்தும் கொடுக்கலாம். பாஸ்வேர்டைக் கைமாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவதாக நான் படித்தது, விரலைப் பற்றி. அவசரத்தில் நாங்கள் போனைக் கையில் வாங்கிவிடுகிறோம். "தாருங்கோ, நான் செய்து தாறன்." அடுத்த வியாழன் அதே ஆள் அதே வேலைக்கு வந்து நிற்பார். இப்போது என் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். அவர் விரல்தான் அமுக்க வேண்டும். காய்ந்த விரலைச் சில போன் உணராது, அதற்கு மேசையில் ஒரு ஈரத் துணி. மாத மாதம் எடுக்கும் மருந்துக்கு விண்ணப்பிக்க எத்தனை இடத்தில் அமுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் போனில் தானே எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மனதில் நின்றால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரும் செய்துவிடுகிறார். ஆப்பைப் புதுப்பித்து பட்டனை இடம் மாற்றும் நாளில் எல்லாம் குழம்பும். அந்த மகராசனை யாராவது எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது.

வாசிப்பு என்றதும், அதேர் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். ஆரம்பத்தில் சோமாலி மொழியில் அழகாக அச்சடித்த துண்டுப் பிரசுரங்களை மேசையில் அடுக்கி வைத்தோம். ஆறு வாரம் கழித்தும் அடுக்கு குறையவில்லை. மூத்தவர்கள் பலர் தங்கள் மொழியைப் பேசக் கற்றார்களே தவிர, வாசிக்கக் கற்றதில்லை. எழுத்து வந்தபோதே அவர்கள் பெரிய ஆட்கள். இந்த அதேர் மட்டும் பிரசுரத்தை எடுத்து உரக்க வாசித்தார். 1974இல் சோமாலியாவில் பள்ளிக்கூடங்களை மூடி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பி, மேய்ப்பர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பதினாறு வயதில் அதில் போனவராம். தெரிந்தால் கற்றுக்கொடு, தெரியாவிட்டால் கற்றுக்கொள் என்பது அப்போதைய சுலோகம். ஒட்டகத்துக்குப் பின்னால் நடந்துகொண்டே கரும்பலகையைச் சுமந்தேன் என்றார். பிறகு ஆண்கள் பக்கத்து மேசையை அவரிடமே விட்டுவிட்டேன். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார், என்னைவிட அதிகமாக ஏசுகிறார்.

பிரசுரத்தை விட்டுவிட்டுக் குரலுக்கு மாறினோம். பிள்ளை சோமாலியில் நாற்பது நாற்பது விநாடிக் குரல் செய்திகள் பதிவு செய்தாள். மருந்துக்கு ஒன்று, அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒன்று, பரிசோதனை முடிவு பார்க்க ஒன்று. அவை எப்படிப் பரவின தெரியுமா? சீட்டுக் கட்டுபவர்கள் மூலம். நம் பெண்கள் சீட்டுப் பிடிப்பது போல் அவர்களிடம் 'ஆயூத்தோ' இருக்கிறது. மாதம் ஆளுக்கு இவ்வளவு, முறை வைத்து ஒருவருக்கு மொத்தப் பணம். ரசீது இல்லாமல் பணத்தையே நம்பிக் கொடுக்கும் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப்பில் இருந்து வந்தால் அதைக் கேட்காமல் விடுவார்களா? எந்தக் கவுன்சில் கடிதத்துக்கும் அந்த மரியாதை கிடைக்காது.

ஜி.பி.க்கு எழுதும் ஆன்லைன் படிவத்துக்கு வருகிறேன். மனிதர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். எங்கள் கைக்கு வந்த படிவங்கள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் மொழிபெயர்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தது என் மடைமை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் 'அல்ஹம்துலில்லாஹ்'. முழங்கால் வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்து வந்தவரும் அதையேதான் சொல்வார். நோயைச் சொல்லும் முன் இறைவனுக்கு நன்றி சொல்லாவிட்டால் அது முறைப்பாடாகிவிடும். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று படிவம் கேட்டது. அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "இரண்டு" என்றார். நான் இரண்டை அமுக்கப் போனேன். பிள்ளை தடுத்து, எது இரண்டு என்று கேட்டாள். இரண்டு முழங்காலும்தான் நோகிறது என்றார் அம்மா.

எண்ணை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கப் பழகினோம். தொழுகையில் நெற்றி நிலத்தில் படக் குனிய முடிகிறதா? எழும்பும்போது எதையாவது பிடிக்கிறீர்களா? அந்த அம்மா நாலு மாதமாக நாற்காலியில் இருந்துதான் தொழுகிறார். ஒரு நாளின் ஐந்து கடமைத் தொழுகையில் மட்டும் 17 ரக்அத், அதாவது தொழுகைச் சுற்று, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை நெற்றி நிலத்தில் படக் குனிந்து நிமிர வேண்டும். 34 முறை. இதைவிட நல்ல முழங்கால் பரிசோதனை எந்த வைத்தியரிடம் இருக்கிறது? படிவத்தில் அப்படியே எழுதினோம்: நாலு மாதத்துக்கு முன் நாளுக்கு 34 முறை நெற்றி நிலத்தில் படக் குனிந்து நிமிர்ந்தவர், இன்று ஒரு முறையும் முடியாது. இரண்டு நாளில் அழைப்பு வந்தது.

சொற்களில் சில நேரம் அதிர்ஷ்டமும் உண்டு. ஒருவர் தனக்கு 'டீக்கர்' என்றார். டீக் என்றால் இரத்தம், கர் என்றால் கொதித்தல் என்று பிள்ளை விளக்க, இரத்தக் கொதிப்பு என்று நான் தமிழில் சொல்ல, அறையில் ஒரே சிரிப்பு. சீனி வருத்தத்துக்கு அவர்கள் சொல்லும் 'மஆன்' என்ற சொல்லுக்கு இனிப்பு என்றே பொருள். ஆனால் மனம் சம்பந்தப்பட்டதில் இந்த அதிர்ஷ்டம் கை கொடுக்காது. 'பூஃபிஸ்' என்று ஒரு சொல். அகதி முகாமில் இருந்தவர்கள் எப்படியாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்ற தவிப்பைச் சொல்ல வைத்தது, இங்கே மனப் பாரத்தையும் குறிக்கிறது. அதை நாமே மனச்சோர்வு என்று மாற்றி எழுதக்கூடாது. அவர்கள் சொல்லை அப்படியே வைத்து, நித்திரை எத்தனை மணி, சாப்பாடு எப்படி, கடைசியாகக் கல்யாண வீட்டுக்குப் போனது எப்போது என்று பக்கத்தில் எழுதுகிறோம்.

படிவத்தின் முதல் வரியில் எப்போதும் ஒரே விஷயம்: மொழிபெயர்ப்பாளர் தேவை, எந்த மொழி, ஆணா பெண்ணா. என்.எச்.எஸ்.ஸில் இதற்குக் காசு இல்லை. வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கக் கூடாது என்றும் வழிகாட்டல் இருக்கிறது. மொழி சோமாலிதானே என்று நாமாகப் போடவும் கூடாது. பராவா பட்டினத்து ஆட்கள் வீட்டில் பேசுவது சிமீனி, அது சுவாஹிலியின் வகை. தென்பகுதியில் மாய் பேசுபவர்கள் இருக்கிறார்கள், வடக்கத்தியார் கதைத்தால் அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். கேட்டுத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, சமூகம் சின்னது. மொழிபெயர்க்க வருபவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்துவிட்டால் அந்தப் பெண் வாயே திறக்க மாட்டார். நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போன் வழியாக வரும், வேறு ஊர் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவருக்கு முழுப் பெயர் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்தப் படிவம் காலை எட்டுக்குத் திறந்து, எங்கள் பக்கத்தில் ஒன்பதரைக்குள் மூடிவிடும். நாங்கள் அறையைத் திறப்பதே பத்துக்கு. 2025 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்து முழுவதும் காலை 8 முதல் மாலை 6.30 வரை, அவசரமில்லாத விஷயங்களுக்கு அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. வியாழக்கிழமைக்காரர்களான எங்களுக்கு அது பெரிய விடுதலை. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் இழுத்தல் என்றால் படிவமும் இல்லை, எனக்காகக் காத்திருப்பதும் இல்லை, உடனே அவசர எண் 999. இதற்கென்று பிள்ளை தனியாக ஒரு குரல் செய்தி வைத்திருக்கிறாள், அதுதான் எல்லாவற்றிலும் சின்னது.

படிவம் போன பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. வைத்தியர் அழைக்கும்போது பெரும்பாலும் நம்பர் தெரியாது. தெரியாத நம்பரை எடுக்காதே என்று மோசடிக்குப் பயந்து பிள்ளைகள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், சில போனில் அது மணியே அடிக்காமல் தானாக நிறுத்தியிருக்கும். இரண்டு தவறிய அழைப்பு, அவ்வளவுதான், கோரிக்கை மூடப்படும். நோயாளி பதில் அளிக்கவில்லை என்று நானே எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பேன். இப்போது ஒவ்வொரு போனிலும் அந்த அமைப்பைத்தான் முதலில் தேடுகிறேன். அழைப்பு வரவேண்டிய நாளுக்கு மட்டும் அதை நிறுத்தி வைப்போம். நம்பர் அடிக்கடி மாறுபவர்களுக்கும் டேட்டா போட முடியாதவர்களுக்கும் நேஷனல் டேட்டாபேங்க் வழியாக இலவச சிம் வாங்கிக் கொடுக்கலாம். 2021இல் தொடங்கிய திட்டம், பல நூலகங்களிலும் கிடைக்கும்.

மூன்று எழுத்துக்கூட்டல் அம்மாவின் பதிவைத் திருத்த ஐந்து வாரம் எடுத்தது. இரண்டு தடவை சர்ஜரிக்குப் போய்வந்தார், ஒரு தடவை நானும் கூடப் போனேன். டிசம்பர் நடுவில் ஒரு வியாழன், அவர் முகத்தைக் காட்ட, திரை மின்ன, பச்சைச் சரி அடையாளம் வந்தது. மாத்திரைக்குத் தானே விண்ணப்பித்தார். விரலால் எண்ணிக்கொண்டே அமுக்கினார், நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

புதுவருட விடுமுறை முடிந்து அறையைத் திறந்த அன்று, கெட்டில் கொதிக்கும் முன்னே அவர் ஒரு பெட்டியோடு வந்துவிட்டார். உள்ளே 'ஹல்வோ'. நம் மஸ்கட்டின் அக்கா என்று சொல்லலாம், எண்ணெயும் ஏலக்காயும் மணந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். எல்லாருக்கும் பிறந்தநாள் முடிந்ததே என்றார். அறையில் அன்று இருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு. பிறகு மூன்று நாலு போன்கள் ஒரேயடியாக என் பக்கம் நீண்டன. ஆப்பிலும் வயது கூடிவிட்டதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எட்டிப் பார்க்கப் போனவள் நின்று, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நீங்களே திறந்து பாருங்கோ என்றேன்.